கோழியும் கோயியும்: பிறப்பியலின் அளவுகோலில் நொச்சிக்குப்பத்துப் பேச்சு

நொச்சிக்குப்பம் சென்னை மெரினா கடற்கரையின் தென்பகுதியில், கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே அமைந்துள்ள மீனவர் குடியிருப்பு. சாந்தோமும் மயிலாப்பூரும் இதன் அண்டைப் பகுதிகள். லூப் சாலையோர மீன்கடைகளுக்காக 2024-ஆம் ஆண்டில் இங்கு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. இக்குப்பத்திலும் சென்னையின் பிற உழைக்கும் மக்கள் பகுதிகளிலும் கேட்கப்படும் பேச்சு ‘சென்னைத் தமிழ்’ என்றும் ‘மெட்ராஸ் பாஷை’ என்றும் அழைக்கப்படுகிறது. கோழியைக் கோயி என்றும், மழையை மய என்றும், வாழைப்பழத்தை வாயப்பயம் என்றும் ஒலிப்பது இதன் பரவலாக அறியப்பட்ட அடையாளம். நாக்கு திருந்தாததால் வரும் பிழை என்றே பள்ளி வகுப்பறைகளில் இது பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ்த் திரைப்படங்களில் நெடுங்காலம் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கே இது உரியதாக இருந்தது.

இக்கருத்துக்கு ஒலியியலில் இடம் உண்டா என்பதே இக்கட்டுரையின் பொருள். பேச்சொலிகளின் பிறப்பைத் தமிழில் முதலில் விரிவாக விளக்கிய தொல்காப்பியப் பிறப்பியலும், இன்றைய ஒலியியலும் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. அந்த அளவுகோல்களின் நிறைகுறைகளும் உடன் ஆராயப்படுகின்றன.

ஓர் ஊர்ப்பெயரும் ஒலியுறுப்புகளும்

பேச்சொலி எவ்வாறு பிறக்கிறது என்பதை விளக்க ‘நொச்சிக்குப்பம்’ என்ற பெயரே போதும். முதல் மெய்யான ந் பற்களின் அருகே நாநுனி படிவதால் பிறக்கிறது. அடுத்து வரும் ச்ச் ஒலிக்கு நாவின் இடைப்பகுதி எழுந்து அண்ணத்தின் நடுப்பகுதியைத் தொடுகிறது. க்க் ஒலிக்கு அடிநா பின்வாங்கி மெல்லண்ணத்தை அடைக்கிறது. ப்ப் ஒலிக்கு நாவுக்கு வேலையில்லை. இரு இதழ்களும் மூடித் திறக்கின்றன. இறுதி ம் ஒலிக்கும் இதழ்களே மூடுகின்றன. ஆனால் அப்போது மெல்லண்ணம் கீழே இறங்கி, காற்றை மூக்கின் வழியே விடுகிறது. பல், அண்ணம், அடிநா, இதழ், மூக்கு எனப் பெரும்பாலான ஒலியுறுப்புகள் இந்த ஒரே பெயரில் பணி செய்துவிடுகின்றன.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டையும் இப்பெயரே காட்டுகிறது. இயல்பான பேச்சில் இறுதி ம் முழுமையாக ஒலிப்பதில்லை. இதழ்கள் மூடாமலே முந்தைய உயிர் மூக்கொலி பெற்று, ஓகாரத்தை ஒட்டிய ஓசையாக முடிகிறது. இது குப்பத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. மரம், பணம், படம் முதலிய சொற்களைத் தமிழ்நாட்டின் பெரும்பகுதியினர் பேச்சில் இவ்வாறே முடிக்கின்றனர். எழுதும்போது மகர மெய் இருப்பதால் அதை ஒலிப்பதாகவும் நம்புகின்றனர். எழுத்தை வைத்து ஒலியை மதிப்பிடும் இந்நம்பிக்கையே ‘நாக்குப் பிழை’ என்ற தீர்ப்புக்கும் அடிப்படை.

ஒலியை வகைப்படுத்தும் மூன்று கேள்விகள்

நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்றே பெரும்பாலான பேச்சொலிகளுக்கு மூலப்பொருள். அது குரல்வளையைக் கடந்து வாயிலோ மூக்கிலோ வெளியேறும்போது பெறும் மாற்றங்கள் ஒலிகளாகின்றன. 1886-இல் பாரிஸில் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஒலியியல் கழகம் உருவாக்கிய அட்டவணை, மெய்யொலிகளை மூன்று கேள்விகளால் வகைப்படுத்துகிறது.

முதல் கேள்வி, ஒலி எங்கே பிறக்கிறது என்பது. இதழ், பல், பல்முகடு, வல்லண்ணம், மெல்லண்ணம் முதலியன ஒலிப்பிடங்கள். இரண்டாவது, காற்று எவ்வாறு தடுக்கப்படுகிறது என்பது. முற்றிலும் அடைத்துத் திறந்தால் அடைப்பொலி. நாவின் விளிம்பு வழியே காற்று வழிந்தால் மருங்கொலி. நாநுனி ஒருமுறை தட்டினால் வருடொலி. நா எதையும் தொடாமல் நெருங்கி மட்டும் நின்றால் நெருங்கொலி. மூன்றாவது, குரல்நாண்கள் அதிர்கின்றனவா என்பது. அதிர்ந்தால் குரலுடை ஒலி, அதிராவிட்டால் குரலிலா ஒலி. தொண்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு ‘பக்கம்’ என்பதன் ககரத்தையும் ‘பங்கு’ என்பதன் ககரத்தையும் மாறிமாறி ஒலித்தால், பின்னதில் அதிர்வு தொடர்வதை உணரலாம்.

இம்மூன்று கேள்விகளும் விவரிப்பதற்கானவை. ஓர் ஒலி உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று சொல்லும் நான்காவது கேள்வி எதுவும் அந்த அட்டவணையில் இல்லை.

பிறப்பியலின் வலிமை

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலிகளாகிறது என்று அது தொடங்குகிறது. பின்னர் ஒவ்வோர் ஒலியையும் எடுத்து, எந்த உறுப்பு எந்த இடத்தில் என்ன செய்கிறது என்று கூறுகிறது. க, ங ஆகியவற்றுக்கு முதல்நாவும் முதல் அண்ணமும்; ச, ஞ ஆகியவற்றுக்கு இடைநாவும் இடை அண்ணமும்; ட, ண ஆகியவற்றுக்கு நுனிநாவும் நுனி அண்ணமும். இங்கு ‘முதல்’ என்பது அடிப்பகுதியைக் குறிக்கிறது. முன்பகுதி என்று பொருள் கொள்ளும் மாணவர் வரிசையையே தலைகீழாக்கிவிடுவர்.

இடத்தோடு முறையையும் பிறப்பியல் பிரித்தறிகிறது. ற, ன ஆகியவற்றில் மேல்நோக்கி எழுந்த நாநுனி அண்ணத்தை ஒற்றுகிறது. ர, ழ ஆகியவற்றில் அதே நாநுனி எழுந்து அண்ணத்தை வருடுகிறது. ‘ஒற்றுதல்’, ‘வருடுதல்’ என்ற இரு வினைச்சொற்கள் இன்றைய அடைப்பொலிக்கும், முழு அடைப்பில்லாத பிற ஒலிகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. ஒரே முயற்சியால் பிறக்கும் ஒலிகளுக்குள்ளும் சிறு வேறுபாடுகள் உண்டு என்பதையும் அவ்வியல் குறிப்பிடுகிறது.

இயலின் இறுதிப்பகுதி இன்னும் முக்கியமானது. உடலின் உள்ளே எழும் காற்றின் இயக்கத்தை ஆராய்வது அந்தணர் மறையின் வேலை என்று ஒதுக்கிவிட்டு, வெளிப்பட்டுச் செவிக்குக் கேட்கும் ஒலியின் அளவையே தாம் கூறுவதாக ஆசிரியர் எல்லை வகுக்கிறார். பேசுவோர் வாயில் உண்மையில் நிகழ்வதும் கேட்போர் செவியில் படுவதுமே அவருடைய தரவு. பிற்காலத்தில் பிறப்பியல் மனப்பாடப் பகுதியாக மாறியபோது இந்த எல்லை மறக்கப்பட்டது. ஒரு காலத்தின் பேச்சைக் கேட்டு எழுதிய விவரிப்பு, எல்லாக் காலத்துப் பேச்சுக்கும் விதியாக வாசிக்கப்பட்டது.

பிறப்பியல் விட்டுச்சென்ற இடங்கள்

விவரிப்பு என்ற வகையில் பிறப்பியலுக்குக் குறைகளும் உண்டு. முதலாவது, குரலுடை, குரலிலா வேறுபாட்டைப் பற்றி அது பேசவில்லை. வடமொழி ஒலிநூல்கள் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தன. தமிழில் அது பேசப்படாததற்குக் காரணம் உண்டு. ககரம் சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் குரலிலா ஒலியாகவும், மெல்லினத்துக்குப் பின் குரலுடை ஒலியாகவும் வரும்; இடத்தைக் கொண்டே ஒலியைக் கணிக்கலாம். பொருளை வேறுபடுத்தாத வேறுபாட்டுக்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை. ராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த மாற்றத்தைத் திராவிட மொழிகளின் முக்கியமான ஒலிப்பண்பாக விளக்கினார்.

இரண்டாவது குறை உயிரொலிகளில் உள்ளது. இ, ஈ, எ, ஏ, ஐ ஆகிய ஐந்தையும் ஒரு தொகுதியாகவும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தையும் இதழ் குவிந்து பிறக்கும் மற்றொரு தொகுதியாகவும் பிறப்பியல் காட்டுகிறது. இகரத்தில் நா உயர்ந்தும் எகரத்தில் சற்றுத் தாழ்ந்தும் இருப்பதை அது தனியே குறிப்பிடவில்லை. நொச்சிக்குப்பத்து மீன் அங்காடியில் விலையை வெல என்றும் இறாலை எறா என்றும் சொல்வதை விளக்க இந்த உயரக் கணக்கே தேவை. அடுத்த அசையில் வாய் அகலத் திறக்கும் அகர, ஆகார, ஐகார உயிர்கள் வரும்போது, முன்னுள்ள இகரத்துக்கும் நா முன்கூட்டியே தாழ்ந்து எகரமாகிறது. இடம் எடம் ஆவதும், குடம் கொடம் ஆவதும் இவ்வாறே. இது தமிழ்நாட்டுப் பேச்சில் பரவலாகக் காணப்படும் ஒழுங்கு.

மூன்றாவது, 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலால் நிலைபெற்ற ஒரு கருத்து. வல்லினத்துக்கு நெஞ்சும், மெல்லினத்துக்கு மூக்கும், இடையினத்துக்கும் உயிருக்கும் மிடறும் இடம் என்கிறது நன்னூல். மூக்கைப் பற்றிய கூற்று துல்லியமானது. நெஞ்சைப் பற்றிய கூற்று ஒலிக்கும்போது உணரப்படும் அழுத்தத்தைச் சொல்கிறது, ஒலிப்பிடத்தைச் சொல்லவில்லை. எல்லா ஒலிக்கும் காற்று ஒரே நுரையீரலிலிருந்தே வருகிறது. இவ்விரண்டையும் பிரிக்காமல் கற்பிப்பதால், ‘வல்லினம் நெஞ்சில் பிறக்கிறது’ என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவர், அடைப்பொலி என்றால் என்ன என்று அறியாமலே வகுப்பைக் கடந்துவிடுகிறார்.

ழகரம் செல்லும் திசைகள்

மேற்கண்ட அளவுகோல்களைக் கொண்டு கோயியை ஆராயலாம். ழகரத்தில் நாநுனி மேலெழுந்து பின்வளைந்து அண்ணத்தை நெருங்குகிறது. காற்று நாவின் நடுவழியே தடையின்றிச் செல்கிறது. ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, காந்த ஒத்ததிர்வுப் படம் முதலிய முறைகளால் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் ஒலிக்கும்போது நாவின் வடிவத்தையும் அசைவையும் அளந்தது. ழகரம் தமிழுக்கு மட்டுமே உரியது என்ற பரவலான கூற்று சரியன்று. மலையாளத்தில் அது உண்டு. அமெரிக்க ஆங்கிலம் பேசுவோர் பலரின் ரகர ஒலியும் இதற்கு மிக நெருக்கமானது. ஆயினும் நாநுனியை வளைத்து, எங்கும் படாமல் நிறுத்தி வைக்கும் இவ்வொலி நுட்பமான கட்டுப்பாடு வேண்டுவது. திராவிட மொழிகள் பலவற்றிலும் இது நிலைக்காமல் வேறு ஒலிகளோடு கலந்துவிட்டது.

கோழி என்ற சொல்லே இதற்குச் சான்று. தெலுங்கில் அது கோடி; அங்கு நெருங்கொலி முழு அடைப்பொலியாகிவிட்டது. கன்னடத்தில் கோளி, அங்கு மருங்கொலியாகிவிட்டது. மலையாள எழுத்து கோழி என்றே வைத்திருக்க, வடகேரளப் பேச்சில் கோயி என்ற வடிவம் உண்டு. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் பலர் கோளி என்கின்றனர். சென்னைக் குப்பங்களில் அது கோயி.

ழகரம் ளகரமாகும்போது நாநுனி வளைந்த நிலை காக்கப்படுகிறது. காற்று செல்லும் வழி மாறுகிறது. ழகரம் யகரமாகும்போது காற்று நடுவழியே தடையின்றிச் செல்லும் முறை காக்கப்படுகிறது. நாநுனிக்குப் பதிலாக நாவின் இடைப்பகுதி அண்ணத்தை நெருங்குகிறது. முன்னதில் இடம் காக்கப்பட்டு முறை மாறுகிறது. பின்னதில் முறை காக்கப்பட்டு இடம் மாறுகிறது. ஒவ்வொன்றிலும் மாறுவது ஒரே கூறு. மூன்று கேள்விகள் கொண்ட அட்டவணையில் கோளி, கோயி ஆகிய இரண்டும் கோழியிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. பழைய இலக்கணத்தின் சொற்களில் கூறினால் ய, ர, ல, வ, ழ, ள ஆகிய ஆறும் இடையினம். கோயி இடையினத்தின் எல்லையைத் தாண்டவில்லை.

இம்மாற்றம் தற்செயலாக நிகழ்வதும் அன்று. ழகரத்துக்குப் பின்வரும் உகரம் தேய்ந்து, தகரம் அதை நேரே தொடும்போது வேறு விளைவுகளும் தோன்றுகின்றன. இழுத்து என்பது இஸ்து ஆகிறது. கழுதை கய்தை ஆகிறது. நாக்கு தடுமாறினால் ஒருவருக்கு ஒருமுறை ஒரு விதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் வரும். ஒரு பகுதி மக்கள் அனைவரிடமும் ஒரே சொல் ஒரே வடிவில் வருமானால், அது தடுமாற்றமாக இருக்க முடியாது.

யாருடைய மாற்றம் பிழையாகிறது

எழுத்தில் உள்ளதை ஒலிக்காமல் விடுவதே பிழை என்றால், அப்பிழையைச் செய்யாதவர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. பிறப்பியல் றகரத்தை ஒற்றும் ஒலியாகக் கூறுகிறது. அது வல்லினத்தில் சேர்க்கப்பட்டதற்குப் பொருளும் அதுவே. யாழ்ப்பாணத் தமிழில் ‘காற்று’ என்பதன் ற்ற இன்றும் பல்முகட்டு அடைப்பொலியாகவே ஒலிக்கிறது. சென்னையில் மயிலாப்பூர்க்காரருக்கும் நொச்சிக்குப்பத்துக்காரருக்கும் அது ஒருசேரக் காத்துதான். தனி றகரத்துக்கும் ரகரத்துக்கும் பெரும்பாலோர் பேச்சில் வேறுபாடே இல்லை. நகரம், னகரம் இரண்டும் எழுத்தில் மட்டுமே பிரிந்துள்ளன என்னும் அளவுக்கு நெருங்கிவிட்டன. ஒன்று ஒண்ணு ஆனதையும் மூன்று மூணு ஆனதையும் எந்த ஆசிரியரும் நாக்குப் பிழை என்று கண்டிப்பதில்லை.

ஒலியியல் நோக்கில் இவையும் கோயியும் ஒரே வகை நிகழ்வுகள். வேறுபாடு சமூகத்தில் உள்ளது. ழூல் பிளோக் 1910-இலேயே தமிழில் சாதிக்கும் கிளைமொழிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதினார். 1960-களில் வில்லியம் பிரைட்டும் ஏ. கே. ராமானுஜனும் பிராமணர், பிராமணரல்லாதார் பேச்சுகளை ஒப்பிட்டு எழுதியதில் ழகரத்தின் நிலை முக்கியமான சான்றாக அமைந்தது. ழகரத்தைக் காப்பதும் விடுவதும் நாவின் திறனைப் பொறுத்தவை அல்ல என்பதும், ஒருவர் எந்தச் சூழலில் பேச்சைக் கற்றார் என்பதைப் பொறுத்தவை என்பதும் இத்தகைய ஆய்வுகளால் தெளிவாகின்றன. செல்வாக்குடையோர் உட்பட எல்லோரும் இழந்த றகரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செல்வாக்கற்றோர் மாற்றிக்கொண்ட ழகரம் மட்டும் நகைப்புக்குரியதாகிறது.

திரைப்படங்கள் இந்நகைப்பைப் பரப்பின. லூஸ் மோகன் போன்ற நடிகர்களின் புகழ் இப்பேச்சோடு இணைந்தது. மாறாக, ஜெயகாந்தன் தம் கதைகளில் இப்பேச்சை நகைப்புக்காகப் பயன்படுத்தாமல், துயரும் சினமும் சிந்தனையும் உடைய மனிதரின் மொழியாக எழுதினார். ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ அதற்கு எடுத்துக்காட்டு. இலக்கியம் அளித்த அந்த இடத்தை ஒலியியல் பாடம் இன்னும் அளிக்கவில்லை.

பழமும் பயமும்

மாற்றத்தால் பொருள் குழம்பும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். பழம் என்பது பயம் ஆனால், அச்சம் என்னும் பொருள்தரும் பயத்தோடு கலந்துவிடாதா? எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. செவியால் கேட்டால் ஒன்றாக இல்லை. வடமொழியிலிருந்து வந்த பயம் பேச்சில் குரலுடை ஒலியோடு தொடங்குகிறது; பழத்திலிருந்து வந்த பயம் குரலிலா ஒலியோடு தொடங்குகிறது. தமிழ் எழுத்து இவ்விரண்டுக்கும் ஒரே பகரத்தைத் தருவதால், குழப்பம் தாளில் மட்டுமே உண்டு.

பிறப்பியல் விட்டுச்சென்ற குரலுடை, குரலிலா வேறுபாடு இங்கு முக்கியமாகிறது. உருது, தெலுங்கு, ஆங்கிலம் முதலிய மொழிகளோடு நெடுங்காலம் பழகிய சென்னைப் பேச்சில், பேஜார் போன்ற சொற்கள் குரலுடை ஒலியோடு தொடங்குகின்றன. பழைய தமிழில் இடத்தைக் கொண்டு கணிக்க முடிந்த வேறுபாடு, இப்பேச்சில் பொருளைப் பிரிக்கும் வேறுபாடாகியுள்ளது. ழகரத்தை இழந்த அதே நாவே, தமிழ் எழுத்தால் குறிக்க முடியாத ஒரு வேறுபாட்டை நுட்பமாகக் காத்துவருகிறது. இதை ஒலிக்குறைபாடு என்று அழைக்க வழியில்லை.

எனினும் எழுத்தைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பின் கவலை நியாயமானது. குப்பத்து மாணவரும் தேர்வில் கோழி என்றே எழுத வேண்டும். தன் பேச்சில் உள்ள யகரத்தை எல்லாம் ழகரமாக எழுதினால் போதும் என்றும் அவருக்குச் சொல்ல முடியாது. நாய், காய், வாய் ஆகியவற்றின் யகரம் யகரமே. எந்தச் சொல்லில் எது என்பதைச் சொல்வாரியாகவே கற்க வேண்டும். ஆனால் ரகர, றகர வேறுபாட்டை எல்லா மாணவரும் இவ்வாறே சொல்வாரியாகக் கற்கின்றனர். அதைக் கற்பிக்கும்போது எந்த மாணவரின் நாவையும் யாரும் குறை சொல்வதில்லை.

மதிப்பீடு

பிறப்பியல் தன் காலத்தில் கேட்ட ஒலியை உறுப்புகளின் தொழிலாக விளக்கிய நுண்ணிய நூற்பகுதி. குரலதிர்வு, உயிர்களின் உயரம் ஆகியவற்றில் அதற்குக் குறைகள் உண்டு. அவற்றை இன்றைய ஒலியியல் நிரப்புகிறது. ஆனால் கேட்ட ஒலியையே தரவாகக் கொள்ளும் அதன் முறை இன்றைய ஒலியியலின் முறையோடு ஒத்தது. நூற்பாக்களை மனப்பாடம் செய்வித்துவிட்டு, மாணவரின் வாயில் பிறக்கும் ஒலியைக் கேட்க மறுக்கும் பாடமுறை அம்முறைக்கு மாறானது.

நொச்சிக்குப்பத்திலிருந்து வகுப்புக்கு வரும் மாணவரிடம் ‘உன் நாக்கு சரியில்லை’ என்று சொன்னால் அவர் கற்றுக்கொள்வது வாய் திறவாமை மட்டுமே. கோழியைச் சொல்லும்போது நாநுனி எங்கே நிற்கிறது, கோயியைச் சொல்லும்போது நாவின் எப்பகுதி எழுகிறது என்று கேட்டால், இரு ஒலிகளையும் தம் வாயிலேயே ஒப்பிட்டு விடை சொல்லக்கூடிய மாணவர் அவரே. பிறப்பியல் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.